நல்ல காலில் கட்டிய துணி

ஹிந்துராவ் சௌகுலேக்கு வலது முழங்கால் போனது ஊர் பார்த்திருக்க, நல்ல வெயிலில், கோதாவின் நடுவில். எதிராளி காலைப் பிடித்துத் திருப்பினான். உடம்பு ஒரு பக்கம் போனது, கால் கூடப் போகவில்லை. பச்சை விறகு முறிகிற மாதிரி ஒரு சத்தம். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒருவன் அதைக் கேட்டுத் தன் முழங்காலையே இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

கோல்ஹாப்பூர் டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உள்ளே கயிறு மாதிரி ஒன்று இருக்கும், அது அறுந்துவிட்டது என்றார். நடுவில் இருக்கிற மெத்தையும் கிழிந்திருக்கிறது. தைக்கலாம். தைத்தால் ஒரு வருஷம் சும்மா இருக்கணும். அதற்கப்புறமும் மண்ணில் இறங்கக் கூடாது, குந்தி உட்காரக் கூடாது.

"பஸ்கி போடலாமா?" என்று கேட்டான் ஹிந்துராவ்.

"இவ்வளவு நேரம் நான் யார்கிட்ட பேசிட்டிருந்தேன், பயில்வான்?" என்றார் டாக்டர்.

பஸ்கி போடாதே என்று பயில்வானிடம் சொல்வதும் மூச்சு விடாதே என்று சொல்வதும் ஒன்றுதான். நதிவேஸ் தாலீம் என்கிற குஸ்திப் பள்ளியில் கண் விழித்தால் முதல் வேலை அது. அங்கேயே படுத்து, அங்கேயே பொங்கித் தின்று, அங்கேயே மண்ணில் புரண்டு வளர்கிற பயில்வான்கள் எல்லாரும் சுவரோரம் வரிசையாக நின்று உட்கார்ந்து எழுவார்கள். பிட்டம் குதிகாலைத் தொடணும். தொடாதவனை வஸ்தாது கணபா மூங்கில் குச்சியால் தொட வைப்பார். பாதியில் எழுந்துவிடுகிறவனுக்கு அங்கே 'கிளார்க்கு' என்று பெயர். நாற்காலி உயரத்துக்குக் கீழே இறங்கத் தெரியாதவன்.

தாலீமுக்குச் சட்டம் ஒன்றே ஒன்றுதான். உள்ளே படுக்க இடம் வேணுமென்றால் கோதாவில் இறங்கிப் பிடி பிடிக்கணும். பிடிக்காதவனின் தகரப் பெட்டி வாசலுக்கு வந்துவிடும். வஸ்தாது திட்டமாட்டார், ஒரு வார்த்தை பேசமாட்டார். காலையில் பார்த்தால் பெட்டி வாசப்படியில் இருக்கும், மேலே லங்கோடு மடித்து வைத்திருக்கும். எடுத்துக்கொண்டு போகவேண்டியதுதான். அப்படிப் போனவர்களில் ஒருவன் சர்க்கரை ஆலையில் காவலாளி, ஒருவன் கல்யாண மண்டபத்தில் பந்தி பார்க்கிறான். ஹிந்துராவ் மீசை முளைக்கும் முன்னால் அங்கே வந்தவன். நிலம் அண்ணன் கைக்குப் போயாயிற்று. பள்ளிக்கூடம் ஏதோ கொஞ்சம். பிம்பள்வாடியில் பெண்டாட்டி வைஜயந்தா ஒரு எருமையை வைத்துக்கொண்டு பயில்வான் பெண்டாட்டி என்கிற பெயரோடு இருக்கிறாள். அந்தப் பெயர் அவளுக்கும் இந்தத் தாலீமில்தான் இருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவனை வஸ்தாது கட்டிலில் சாய்ந்தபடி பார்த்தார். பாதாம் உரித்துக்கொண்டிருந்தார்.

"என்னடா சொல்றான் டாக்டரு?"

"கொஞ்ச நாள் ஆகுமாம், வஸ்தாது."

"எங்கிட்டயே பிடி போடறியா? மூஞ்சியே சொல்லுதே." உரித்த பாதாமைக் கிண்ணத்தில் போட்டார். "கோதாவுல நிக்கிற வரைக்கும் உன் பெட்டி உள்ள இருக்கும். எப்படி நிப்பேங்கறது உன் பாடு. நான் கேக்கமாட்டேன்."

வேறு ஒருவனாக இருந்தால் அதைக் கேட்டுவிட்டு அழுதிருப்பான். ஹிந்துராவ் அதை வரம் என்று எடுத்துக்கொண்டான். ஒரு வருஷம் படுத்தால் பெட்டி வாசலுக்கு வந்துவிடும். ஆகவே காலைத் தைக்கவில்லை. கெட்ட காலுக்கு வேலை வராமல் குஸ்தி போடுகிற வழியைத் தேடினான்.

தேடியது தஸ்தகீரும் அவனும் சேர்ந்து. தஸ்தகீர் அவனோடு ஒரே வருஷம் தாலீமுக்கு வந்தவன். காது இரண்டும் பிசைந்து வைத்த மாவு மாதிரி இருக்கும். பிடி பழகுவதும் அவனோடு, உடம்பு பிடித்துவிடுவதும் அவன்தான். பாதாம் அரைக்கிற கல்மேடைக்கு முன்னால் ஹிந்துராவை நிறுத்தினான். மேடையில் பிட்டம் படுகிற வரைக்கும் இறங்கு, பட்டதும் எழுந்திரு என்றான். முழங்கால் கத்தாத உயரம் அது. பயல்கள் விடுவார்களா?

"கிளார்க்கு ஆபீசுக்கு வந்துட்டாரு! யாராவது டீ கொண்டாங்கடா!"

"ரேஷன் கார்டுல பேரு சேக்கணும் சார், கையெழுத்துப் போடுங்க!"

ஹிந்துராவ் எண்ணிக்கை விடாமல் இறங்கி எழுந்தான். கயிறு ஏறும்போது கால்களைத் தொங்கவிட்டுக் கையாலேயே ஏறினான். கதாயுதத்தையும் கர்லாக்கட்டையையும் கோணிமேல் உட்கார்ந்து சுற்றினான். கோதா மண்ணைச் சமன் செய்ய ஆளை ஏற்றி இழுக்கிற பலகை ஒன்று உண்டு. முன்னால் பார்த்து இழுத்தால் முழங்கால் குத்தியது, பின்னால் நடந்து இழுத்தால் குத்தவில்லை. பின்னால் நடந்தே இழுத்தான். பலகைமேல் உட்கார்ந்த தஸ்தகீர் "ஹை, ஹை, உழவு மாடு ரிவர்ஸ்ல போகுது" என்று வாலை முறுக்குவது போலக் கையை ஆட்டுவான். முக்கியமான வேலை இடது காலுக்கு. தூணைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் முழு பஸ்கி. வலது கால் செய்யாததை எல்லாம் இடது கால் செய்தது. மாடிப்படி ஏறுவதும் அதில்தான், தரையில் உட்கார்ந்து எழுவதும் அதில்தான்.

பிடிகளையும் மாற்றினான். பிறந்ததிலிருந்து வலது கால் முன்னால் வைத்து நின்றவன், இப்போது இடது காலை முன்னால் வைத்தான். இது சொல்லச் சுலபம். சோற்றைப் பீச்சாங்கையில் பிசைந்து தின்று பாருங்கள், தெரியும். தன்னைவிடச் சின்னப் பயல்களிடம் எல்லாம் முதுகில் மண் பட விழுந்தான். மழைக்காலம் போய்த் திருவிழாக் காலம் வந்தபோது விழுவது குறைந்திருந்தது.

ஆனால் உடம்பு விசித்திரமாக ஆகிவிட்டது. மார்பும் தோளும் முதுகும் ஏறி மதிலாக நின்றன. வலது தொடை வற்றிவிட்டது.

"மேல பாத்தா எருமை, கீழ பாத்தா கொக்கு" என்றான் தஸ்தகீர். "வேட்டியைக் கழட்டாம கோதாவுல இறங்க முடியுமான்னு கமிட்டில கேளு."

சிரிக்கிற விஷயம் இல்லை அது. திருவிழாக் குஸ்தியில் ஜோடி சேர்ப்பது எடை பார்த்து அல்ல. பயில்வான்கள் துண்டைப் போர்த்திக்கொண்டு கோதாவைச் சுற்றி வருவார்கள், கமிட்டிக்காரர்கள் துண்டை விலக்கித் தோளையும் மார்பையும் பார்ப்பார்கள், இவனுக்கு இவன் என்று கையைப் பிடித்துச் சேர்த்துவிடுவார்கள். கெட்ட காலை மறைக்க வளர்த்த மார்பே ஹிந்துராவைப் பெரிய ஆட்களோடு கொண்டுபோய்ச் சேர்த்தது. முதல் திருவிழாவில் கிடைத்தவன் மாட்டுவண்டி மாதிரி இருந்தான்.

"நேரா அந்தக் காலுக்குத்தான் வருவான்" என்றான் ஹிந்துராவ். "அது போனது ஜில்லாவுக்கே தெரியும்."

"எந்தக் கால்னு எவனுக்கு ஞாபகம்?" தஸ்தகீர் பழைய தலைப்பாகைத் துணியைக் கிழித்தான். "காலு போனது தெரியும். வலதா இடதான்னு கேட்டா முழிப்பானுங்க. நல்ல கால்ல கட்டு. கட்டைப் பாத்ததும் நாய் எலும்பைப் பாத்த மாதிரி வருவான். வரட்டும். உன்கிட்ட இருக்கிற நல்ல காலு அது, அதைப் பிடிக்கக் குனிஞ்சான்னா அவன் முதுகு உனக்கு."

"டேய், இது..."

"எது? துணி கட்டறது தப்புன்னு எந்த வஸ்தாது சொல்லியிருக்காரு?"

ஹிந்துராவ் இடது முழங்காலில் துணியைச் சுற்றினான். அதோடு விடவில்லை. ஹலகி மேளத்துக்குப் பின்னால் கோதாவைச் சுற்றி வரும்போது இடது காலை நொண்டினான். நொண்டினால் பாரம் முழுக்க வலதில், கெட்டுப்போன காலில். பொய்யாக நொண்டுவதற்கு நிஜமாக வலித்தது. வலியில் முகம் சுருங்கியதைப் பார்த்து எல்லாரும் நம்பினார்கள்.

மாட்டுவண்டி தஸ்தகீர் சொன்னபடியே வந்தான். கையைக் கோத்துத் தலையை முட்டிய அடுத்த நொடி குனிந்து துணி கட்டிய காலைப் பிடித்தான். அந்தக் கால் தூண் மாதிரி நின்றது. ஹிந்துராவ் அவன் முதுகுமேல் கவிழ்ந்து இடுப்பைப் பிடித்துப் புரட்டினான். தலைப்பாகை கட்டினார்கள், தோளில் தூக்கினார்கள். அன்றைக்குத் தாலீமில் வெள்ளைக் குழம்பும் சிவப்புக் குழம்புமாக ஆட்டுக்கறி. வஸ்தாது நல்லி எலும்பை எடுத்து ஹிந்துராவ் தட்டில் வைத்தார். முழங்காலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்கமாட்டேன் என்று சொன்னவர்.

அந்தத் திருவிழாக் காலம் முழுக்க அப்படியே போனது, அடுத்த வருஷமும். ஊர் ஊராகப் போனான். வைஜயந்தா தண்ணீர்க் குழாயடியில் கழுத்தை நிமிர்த்தி நின்றாள். துணி ஒவ்வொரு தடவையும் இடது முழங்காலில். ஒவ்வொரு எதிராளியும் அந்தக் காலுக்கே வந்தான். பிடித்துத் திருப்பினான், உள்பக்கம் உதைத்தான், முழு எடையோடு தொங்கினான். ஹிந்துராவ் தாங்கினான். தாங்கிவிட்டு மறுநாள் தூணைப் பிடித்துக்கொண்டு அதே காலில் பஸ்கி போட்டான்.

நல்ல காலைத்தான் வெட்டுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. கோதாவுக்கு வெளியே இருக்கிற எவனுக்கும் தோன்றியிருக்கும். பயில்வானுக்குத் தோன்றாது. எதிராளியை ஏமாற்றிவிட்டோம் என்கிற சந்தோஷத்தில் அவனுக்கு வேறு எதுவும் கண்ணில் படாது.

முதலில் காலையில் இறுக்கம். பிறகு வீக்கம். மண் பட்டதனால் என்றான், குளிர் என்றான். ஒரு நாள் கல்மேடையிலிருந்து எழும்போது இடது முழங்கால் பாதியில் பூட்டிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. கைகளை நீட்டியபடி அப்படியே நின்றான். பயல்கள் கிளார்க்குக்கு ஆபீஸ் விட மனசில்லை என்று சிரித்தார்கள். தஸ்தகீர் சிரிக்கவில்லை. அன்று மாலை எண்ணெயைத் தடவிக்கொண்டே கட்டைவிரலால் இடது முழங்காலை அழுத்தினான். தண்ணீர்ப் பை மாதிரி உள்ளே போனது. கையை எடுத்துவிட்டான்.

"எத்தனை நாளா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"ஹிந்தியா, எங்கிட்டயே நொண்டாத."

ஹிந்துராவ் துண்டை எடுத்து முழங்காலை மூடினான். வாசலில் எவனோ பால் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான்.

"பிம்பள்வாடித் திருவிழாவை விட்டுடு" என்றான் தஸ்தகீர்.

"சொந்த ஊர் கோதாவை விட்டா பெட்டி எங்க இருக்கும்?"

"சரி, அப்ப துணியை எதுல கட்டப் போற?"

ஹிந்துராவ் துணியை ஒரு முழங்காலில் வைத்துப் பார்த்தான், மறு முழங்காலில் வைத்துப் பார்த்தான். கடைசியில் தஸ்தகீரே சொன்னான்: "இனிமே எதுல கட்டினாலும் பொய் இல்ல."

பிம்பள்வாடித் திருவிழா அன்று ஹிந்துராவ் துணியை இடது காலிலேயே கட்டினான். இந்த முறை நொண்ட முயற்சி செய்யவில்லை. நொண்டாமல் நடக்கத்தான் முயற்சி செய்தான், முடியவில்லை. அண்ணன் மகன்கள் மரத்தில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் கோதாப் பக்கம் வருவதில்லை. கோயில் பின்பக்கத்திலிருந்து வைஜயந்தா ஒலிபெருக்கியில் புருஷன் பெயரைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கமிட்டிக்காரர்கள் துண்டை விலக்கினார்கள். "மார்பு பாருய்யா, மார்பு!" என்று ஒருவர் தட்டினார். உத்தம் காஷித்தின் கையைக் கொண்டுவந்து சேர்த்தார். உத்தம் வேறு தாலீமைச் சேர்ந்தவன், வயதில் சின்னவன், நல்ல பையன். ஹிந்துராவின் பழைய குஸ்திகளைக் கூட்டத்தில் நின்று பார்த்து வளர்ந்தவன். துணி விஷயம் அவன் தாலீமுக்குத் தெரிந்துவிட்டிருந்தது. துணி இல்லாத காலைப் பிடி என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

இரண்டு பேரும் குனிந்து மண்ணை அள்ளி ஒருவர்மேல் ஒருவர் தடவினார்கள். கை கோத்தார்கள். உத்தம் வலது தொடையைப் பிடித்தான். கையில் ஒன்றுமே அகப்படாதது போல இருந்தது அவனுக்கு. அவ்வளவு பெரிய மார்புக்குக் கீழே அப்படி ஒரு தொடையை அவன் எதிர்பார்க்கவில்லை. ஹிந்துராவ் பாரத்தை இடதுக்கு மாற்றினான். இடது கால் நடுங்கியது. அந்த நடுக்கம் முதுகு, தோள், கை என்று ஏறி உத்தம் கைக்குப் போனது. நெற்றியும் நெற்றியும் முட்டியிருந்தன. உத்தம் உதட்டை அசைக்காமல் கேட்டான்.

"அண்ணே, எந்தக் காலு?"

"பேசாம ஆட்றா."

"சொல்லுங்கண்ணே. சொன்னா அதை விட்டுட்டு வேற பக்கம் வரேன். எந்தக் காலு?"

சுற்றிலும் விசில், ஹலகி, தன் பெயர். ஹிந்துராவ் தஸ்தகீரிடம்கூட வாய்விட்டுச் சொல்லாததை அந்தப் பையனின் காதில் சொன்னான்.

"ரெண்டும்டா."

உத்தமின் பிடி தளர்ந்தது. அப்புறம் அவன் செய்தது நல்லது என்று நினைத்துத்தான் செய்தான். ஒரு கையைக் கழுத்துக்குக் கீழேயும் ஒரு கையை இடுப்புக்குக் கீழேயும் கொடுத்து, கால்களைத் தொடாமல், கைக்குழந்தையைத் தூளியில் போடுகிற மாதிரி ஹிந்துராவை மண்ணில் மல்லாக்கக் கிடத்தினான். முதுகு முழுக்க மண் பட்டது. ஒரு இடத்திலும் வலிக்கவில்லை.

மரத்து மேலிருந்தோ எங்கிருந்தோ ஒரு குரல் வந்தது.

"நூரா!"

பேசி வைத்துக்கொண்டு ஆடுகிற குஸ்திக்கு அங்கே அதுதான் பெயர். திருடன் என்று சொன்னால் பயில்வான் பொறுப்பான், இதைப் பொறுக்கமாட்டான். "நூரா! நூரா!" எல்லாப் பக்கமும் பற்றிக்கொண்டது. மண்கட்டி வந்தது, செருப்பு வந்தது. உத்தம், "இல்லீங்க, அவரு காலு, காலு போச்சுங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கத்தினான்.

"எந்தக் காலுடா?" என்று ஒருவன் முன்னால் வந்தான். "கட்டு கட்டினதா, கட்டாததா? ரெண்டு வருஷமா இந்தக் காலுல நொண்டுனான், அதே காலுல ஜெயிச்சான். இன்னிக்கு ரெண்டும் போச்சாம்! நாடகக் கம்பெனில சேருங்கய்யா!"

ஹிந்துராவ் எழுந்து நின்று காட்டியிருக்கலாம். நாற்காலி உயரம் இருந்தால் எழுந்திருப்பான். தரையிலிருந்து எழ இரண்டில் ஒரு காலாவது வேண்டும். கையை ஊன்றிப் புரண்டான், தவழ்ந்தான். அதைப் பார்த்து இன்னும் சிரித்தார்கள். நடிப்பு பிரமாதம் என்றார்கள்.

வஸ்தாது கணபா கோதாவுக்குள் வந்தார். பெரிய உடம்பைச் சிரமப்பட்டு மடக்கிப் பக்கத்தில் உட்கார்ந்தார். இடது முழங்காலில் இருந்த துணியை அவிழ்த்தார். கட்டைவிரலை வைத்து அழுத்தினார். வலதையும் அழுத்தினார். அவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது என்று ஹிந்துராவுக்கும் தெரிந்துவிட்டது. ஒரு நொடி அவனுக்குத் தெம்பு வந்தது.

"நீங்களாவது சொல்லுங்க, வஸ்தாது."

"சொன்னா நம்புவானுங்களா?" வஸ்தாது துணியைக் கையில் சுருட்டினார். "உன் காலை இதால கட்டினே. தாலீம் பேரை நான் எதால கட்டறது?"

தஸ்தகீர்தான் அவனைத் தோளில் போட்டு வெளியே கொண்டுவந்தான். ஹிந்துராவ் தாலீமுக்குத் திரும்பிப் போகவே இல்லை. மறுநாள் தஸ்தகீர் தகரப் பெட்டியைப் பேருந்தில் ஏற்றிப் பிம்பள்வாடிக்குக் கொண்டுவந்து இறக்கினான். மேலே லங்கோடு மடித்து வைத்திருந்தது.

"நான் வஸ்தாதுகிட்ட கேட்டேன் ஹிந்தியா. கிழவன் வாயே திறக்கல. கொழுந்து விட்டு எரியறான் உள்ளுக்குள்ள, ஆனா திறக்கல." வாசலிலேயே நின்றான். உள்ளே வரவில்லை. "துணி கட்டச் சொன்னது நான்னு சொல்லட்டுமா?"

"சொல்லி?"

தஸ்தகீர் காதைத் தடவிக்கொண்டு நின்றான். அப்புறம் பஸ் வந்துவிட்டது என்றான். வரவில்லை.

வைஜயந்தா இரண்டு நாள் பேசவில்லை. சோள ரொட்டியைத் தட்டினாள், அவன் கட்டிலுக்கு முன்னால் பலகை போட்டு அதன்மேல் தட்டை வைத்தாள். தரையில் உட்கார அவனால் முடியாது என்பது இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. மூன்றாம் நாள் குழாயடியிலிருந்து வந்தவள் குடத்தைத் தொம்மென்று இறக்கினாள்.

"நூரா பெண்டாட்டி வந்துட்டா, வழி விடுங்கடின்னு சொல்றாளுங்க."

முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"ஏங்க, நான் ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்கக் கூடாது. நிஜமாவே அவனுங்ககிட்ட ஒண்ணும் வாங்கலியே?"

ஹிந்துராவ் அவளையே பார்த்தான். அவள் கேட்டது கேலியாக இல்லை.

"வாங்கல."

"வாங்கியிருந்தாலாவது ஒரு மாடு வாங்கியிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

உடம்பு பழகியது பழகியதுதான். இப்போதும் விடியும்போது கண் விழித்துவிடும். எருமைக் கொட்டிலில் தீனி வைக்கிற கல்தொட்டியின் விளிம்பு கிட்டத்தட்ட அந்தப் பாதாம் மேடை உயரம். அதன் முன்னால் நிற்கிறான். இரண்டு கையையும் முன்னால் நீட்டி மெதுவாக இறங்குகிறான். பிட்டம் கல்லில் படுகிறது. எழுகிறான். யாருக்காக, எந்தக் கோதாவுக்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இது நின்றால் நாளைக்குக் கொல்லைப்பக்கம் போவதற்கும் ஆள் வேண்டும், அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்தது. அந்த மதில் மார்பு இன்னும் இருக்கிறது. அதைத் தூக்கி நிறுத்துவதுதான் கால்களுக்குப் பெரிய பாரம்.

சில நாள் எழுந்துவிடுகிறான். இன்றைக்கு எழ முடியவில்லை. வெயில் கொட்டில் தூணைத் தாண்டி அவன் காலடிக்கு வந்துவிட்டது. எருமை அவன் தோளுக்கு மேலே தலையை நீட்டித் தீனியைத் தேடியது. வைஜயந்தாவைக் கூப்பிடலாம். கூப்பிடவில்லை.

வைஜயந்தா சாணி அள்ளக் கூடையோடு வந்தாள். பார்த்தாள். கூடையை வைத்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள்.

"எந்தப் பக்கம் பிடிக்கட்டும்?"

ஹிந்துராவ் வலது முழங்காலைத் தொட்டான், இடதையும் தொட்டான். அவள் தீவனக் கட்டைத் தூக்குகிற மாதிரி குனிந்து அவன் கக்கத்துக்குள் தோளைக் கொடுத்தாள்.